வெங்கச்சங்கல்லும் சூதுபவளமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன், இப்போது பூண்டு வியாபாரம் செய்கிறான், போன வாரம் போனில் கூப்பிட்டான். அவன் மகள் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். வேலைக்குப் போ என்றால், கல் அறுத்துப் பட்டை தீட்டப் பழகப்போகிறேன், ஒரு மெஷின் வாங்கிக் கொடுங்கள் என்கிறாளாம். "டீச்சர், நீங்க சொன்னாக் கேப்பா. நம்ம வடுகபட்டிக்கும் அந்தத் தொழிலுக்கும் என்ன சம்பந்தம்? பூண்டு மூட்டைக்கு நடுவுல உக்காந்து கல்லத் தேச்சுக்கிட்டு இருந்தா சனம் சிரிக்காதா?" என்றான். தடுத்துச் சொல்லத்தான் என்னைப் பிடித்திருக்கிறான் என்று புரிந்தது. முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவள் நான். என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்டுவிட்டால் சும்மா இருக்க முடியுமா? எழுதியே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத எழுத வளர்ந்துவிட்டது. எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

அவன் சொன்ன பூண்டு மூட்டையிலிருந்தே ஆரம்பிக்கலாம். வெளியூரில் நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் இரண்டைத்தான் சொல்வார்கள். ஒன்று பூண்டு, இன்னொன்று கவிஞர் வைரமுத்து. (அவர் பெயரிலேயே வைரமும் முத்தும் இருக்கின்றன என்பதை இந்தக் கட்டுரைக்காக ஞாபகப்படுத்தி வைக்கிறேன்.) ஆனால் நம் சந்தைக்கு வருகிற பூண்டு எங்கே விளைகிறது? கொடைக்கானல் மலைக் கிராமங்களில் விளைவது கொஞ்சம், வடநாட்டிலிருந்து லாரியில் வருவது நிறைய. நம் ஊரில் நடப்பது தரம் பிரிப்பது. தாள் அறுத்து, தோல் நீக்கி, பருவெட்டு, நடுத்தரம், பொடி என்று கை பார்த்துப் பிரிக்கிறார்கள் நம் பெண்கள். விளைகிற ஊர் ஒன்று, பெயர் வாங்குகிற ஊர் இன்னொன்று. அந்தப் பெயரை வாங்கித் தருவது கைகள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஏனென்றால் 2300 வருடங்களுக்கு முன்னால் கல் விஷயத்தில் இதே காரியத்தைச் செய்த ஓர் ஊர் தமிழ்நாட்டில் இருந்தது.

ஈரோடு மாவட்டம், சென்னிமலைப் பக்கம், நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்கிறார்கள். கபிலரும் பாடியிருக்கிறார், அரிசில்கிழாரும் பாடியிருக்கிறார். இருவருமே அந்த ஊரை அங்கே செய்யப்பட்ட அணிகலன்களைச் சொல்லும் இடத்தில்தான் நினைக்கிறார்கள். அரசர்களும் போர்களும் நிறைந்த ஒரு நூலில் ஓர் ஊர் தன் கைவேலைக்காகப் பெயர் வாங்கியிருக்கிறது பாருங்கள்.

1985-இல் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் பல ஆண்டுகள் அங்கே வேலை செய்தார்கள். இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன, தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அதெல்லாம் தனிக் கதை. நமக்கு இப்போது வேண்டியது கற்கள். நீலக்கல், பச்சை கலந்த நீலத்தில் பெரில், செவ்வந்திக்கல், படிகம், அகேட், சூதுபவளம் என்று வகை வகையாக வந்தன. கல் இருந்தது பெரிய செய்தி அல்ல. உடைக்காத கல், உடைத்தபோது தெறித்த சில்லு, பாதி உருட்டிய மணி, துளை போடாத மணி, எல்லாம் முடிந்து பளபளக்கும் மணி என்று வேலையின் ஒவ்வொரு படியும் மண்ணுக்குள் அப்படியே கிடந்ததுதான் செய்தி. நகை கிடைத்தால் அது வேறு ஊரிலிருந்து வாங்கி வந்ததாக இருக்கலாம். குப்பை கிடைத்தால் வேலை அங்கேதான் நடந்திருக்கிறது. இதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு வீட்டுக்காரர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று அவர்களிடம் கேட்பதைவிட அவர்கள் குப்பைத்தொட்டியைப் பார்ப்பது மேல்.

இந்தக் கற்களில் நீலக்கல்லும் பெரிலும் படிகமும் கொங்கு மண்ணிலேயே கிடைப்பவை. சூதுபவளமும் அகேட்டும் அப்படி அல்ல. அவை குஜராத், மகாராஷ்டிரம் பக்கத்து எரிமலைப் பாறை நிலத்தைச் சேர்ந்தவை. அங்கிருந்து கல்லாக வந்து, கொடுமணலில் மணியாகியிருக்கின்றன. அங்கே ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. யாரோ ஒருவரோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகம், கிழக்கே கரூர். நடுவில் நொய்யல் கரையில் உட்கார்ந்துகொண்டு, வருகிற கல்லை வாங்கி, தேய்த்து, துளைத்து, விற்றிருக்கிறார்கள். நம் ஊர்ப் பூண்டு வியாபாரியைக் கொண்டுபோய் அங்கே விட்டால் ஒரே நாளில் பழகிக்கொள்வான்.

சரி, எப்படிச் செய்தார்கள்? இதற்கு எழுதி வைத்த கையேடு கிடையாது. ஆனால் குஜராத்தில் காம்பாத் என்ற ஊரில் இந்த வேலை இன்றும் பழைய முறையில் நடக்கிறது. அமெரிக்கத் தொல்லியலாளர் ஜொனாதன் மார்க் கெனோயர் அங்குள்ள கைவினைஞர்களோடு பழகி, ஒவ்வொரு படியையும் பதிவு செய்தார். அதை வைத்துப் பழைய மணிகளைப் பார்த்தால் நிறைய விளங்குகிறது.

முதலில் கல்லை வெயிலில் காயப் போடுகிறார்கள். பிறகு சட்டிகளில் வைத்துச் சாம்பலும் வறட்டியும் மரத்தூளும் மூடி, மெதுவாகச் சூடேற்றுகிறார்கள். சூதுபவளம் பூமியிலிருந்து வரும்போது அந்தச் சிவப்பில் வருவதில்லை. மங்கலான மஞ்சளும் பழுப்புமாகத்தான் இருக்கும். கல்லுக்குள் இருக்கும் இரும்புச் சத்து சூட்டில் சிவக்கிறது. செங்கல் சூளையில் நடப்பதும் இதுதான். பழுப்பு மண் உள்ளே போகிறது, சிவப்புக் கல் வெளியே வருகிறது. அவசரப்பட்டுச் சூடேற்றினால் கல் வெடித்துவிடும், ஆற விடாமல் எடுத்தாலும் வெடிக்கும்.

அடுத்தது உடைப்பது. இங்கே ஒரு வேடிக்கை. நாம் என்ன நினைப்போம்? கல்லைக் கீழே வைத்து இரும்பால் அடிப்பார்கள் என்று. காம்பாத்தில் கூரான இரும்புக் கம்பியைத் தரையில் நட்டு வைத்திருக்கிறார்கள். கல்லை அந்தக் கூர் மேல் ஒட்டிப் பிடித்து, மேலேயிருந்து எருமைக் கொம்பால் செய்த சுத்தியால் தட்டுகிறார்கள். அடி மேலே விழுகிறது, சில்லு கீழே தெறிக்கிறது. இரும்புச் சுத்தி கல்லை நொறுக்கிவிடும். கொம்பு கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் வேலையே இருக்கிறது.

பிறகு தேய்ப்பது, அதற்குப் பிறகு துளைப்பது. மணி வேலையில் மகா கஷ்டம் துளைதான். படிகம், அகேட், சூதுபவளம் எல்லாம் ஒரே குடும்பம். நம் வராக நதி மணலிலும் வயல் வரப்பிலும் கிடக்கிற வெங்கச்சங்கல்லும் அதே குடும்பம்தான். சின்ன வயதில் இரண்டு வெங்கச்சங்கல்லை இருட்டில் தட்டித் தீப்பொறி பார்க்காதவர்கள் நம் ஊரில் யார்? அந்தக் கல்லில் ஆணியால் கீறிப் பாருங்கள், ஆணிதான் தேயும். ஜெர்மானியரான மோஸ் என்பவர் 1812-இல் கற்களின் கடினத்துக்கு ஒரு வரிசை வகுத்தார். ஒன்றிலிருந்து பத்து வரை. எது எதைக் கீறும் என்பதுதான் கணக்கு. வெங்கச்சங்கல் 7, பெரில் ஏழரையிலிருந்து 8, நீலக்கல் 9, வைரம் 10. இரும்பு இவற்றுக்கெல்லாம் கீழே. ஆகவே கல்லை வெட்டுவது கத்தி இல்லை. தன்னைவிடக் கடினமான இன்னொரு கல்தான்.

காம்பாத்தில் துளையிடும் கம்பியின் நுனியில் கடுகைவிடச் சிறிய இரண்டு வைரத் துணுக்குகளைப் பதித்திருக்கிறார்கள். வில்லால் இழுத்துச் சுழற்ற, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் திருப்பிப் பாதி, நடுவில் இரண்டும் சந்திக்க வேண்டும். இந்த வைர நுனி எவ்வளவு பழையது என்பதைக் கண்டுபிடித்தவர்களில் இருவர் யார் தெரியுமா? அமெரிக்காவில் பல் மருத்துவத் துறையைச் சேர்ந்த கோரெலிக், க்வின்னெட். பல் கட்டுவதற்கு அச்சு எடுக்கிறார்களே, அதே மாதிரி பழைய மணிகளின் துளைக்குள் சிலிக்கோனைச் செலுத்தி அச்சு எடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். இலங்கையில் கிடைத்த, கி.பி. 700 முதல் 1000 வரையான காலத்து மணிகளின் துளையில் வைரம் சுற்றிய வரிகள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. 1986-இல் வெளியிட்டார்கள். எந்தப் படிப்பு எங்கே உதவும் என்று யாருக்குத் தெரியும்!

நம் மதுரைக்கு வருவோம். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் கடைத்தெருவில் இருந்த தொழிலாளர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். சங்கு அறுப்பவர்களைச் சொன்ன கையோடு மணி 'குயினர்' என்று ஒரு கூட்டத்தைச் சொல்கிறார். குயிலுதல் என்றால் துளையிடுதல். துளையிடுபவர் குயினர். தமிழில் இந்த வேலைக்குத் தனிப் பெயரே இருந்திருக்கிறது. குயில் என்றால் இன்று பறவை மட்டும்தான் ஞாபகம் வருகிறது. பிறகு வந்த சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில் நவரத்தினக் கடைத்தெரு வருகிறது. எந்தக் கல்லுக்கு என்ன குற்றம், என்ன நிறம் என்றெல்லாம் இளங்கோவடிகள் விவரமாக எழுதியிருக்கிறார். தமிழாசிரியர்கள் அந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுவார்கள் என்பது என் நெடுநாள் குறை. நிதானமாகப் படித்தால் அது நல்ல வியாபாரி எழுதியது போல இருக்கும்.

இதே காலத்தில் ரோமாபுரியில் பிளினி என்று ஒருவர் இருந்தார். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றி எழுத ஆசைப்பட்டவர். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். அவருடைய பெரிய நூலின் கடைசிப் பகுதி முழுக்கக் கற்களைப் பற்றியது. பெரில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது என்கிறார். அதை ஆறு பட்டையாகத் தீட்டுகிறார்கள், அப்படித் தீட்டினால்தான் விளிம்புகளில் ஒளி பட்டு மங்கலான நிறம் உயிர் பெறுகிறது என்கிறார். இந்தியர்களுக்கு நீளமான பெரில்தான் பிடிக்கும், துளை போட்டு யானை மயிரில் கோத்துக்கொள்வார்கள் என்று ஆச்சரியப்படுகிறார். படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் போலிக்கல் செய்வதிலும் இந்தியர்கள் கெட்டிக்காரர்கள் என்று ஒரு குட்டும் வைக்கிறார். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

அந்த நீலப் பச்சைப் பெரில் கிடைத்த இடங்களில் ஒன்று காங்கேயம் பக்கத்துப் படியூர். கொடுமணலிலிருந்து தொலைவில்லை. சங்க காலத்துக்குப் பிறகு மறந்துபோன அந்தக் குழியை ஆங்கிலேயர்கள் மறுபடி தோண்டினார்கள். 1819, 1820-இல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் அங்கிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை எடுத்தார். பின்னால் குழியில் தண்ணீர் ஊறி அது கிணறாகிவிட்டது. காங்கேயம் என்றால் காளை என்று மட்டும் தெரிந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இன்றும் அந்த வட்டாரத்தில் கல் வியாபாரம் உண்டு.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கல்லைத் தேய்க்க இன்னொரு கடினமான கல்லின் தூள் வேண்டும் என்றேன் இல்லையா? வைரத்துக்கு அடுத்தபடி கடினமான அந்தக் கல்லுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் குருந்தம். நிறம் சேர்ந்து தெளிவாக இருந்தால் அதுவே மாணிக்கம், அதுவே நீலக்கல். நிறம் மங்கி ஒளி புகாமல் இருந்தால் வெறும் குருந்தக்கல். அதை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கில் குழைத்து, வட்டமாக வார்த்தால் சாணைக்கல். சேலம், நாமக்கல் பக்கம் குருந்தம் கிடைக்கிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி அதற்குப் பேர்போனது. (நம் பூண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த ஊர்ப் பாறை நிலாவின் பாறையைப் போல இருப்பதால், இஸ்ரோ சந்திரயான் சோதனைக்கு அங்கிருந்துதான் மண் தயாரித்தது.) 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கல் லண்டனுக்குப் போனது. கிரெவில் என்ற ஆங்கிலேயர் 1798-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். கல்லோடு சேர்ந்து பெயரும் போய், ஆங்கிலத்தில் 'கொரண்டம்' ஆகிவிட்டது.

கதை அதோடு நிற்கவில்லை. 1890-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் மின் உலையில் புதிதாக ஒரு பொருளைச் செய்தார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கனும் கார்பனும் சேர்ந்தது. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. 1954-இல் சென்னையில் முருகப்பா குழுமத்தார் அமெரிக்க, ஆங்கிலேய நிறுவனங்களோடு சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்கினார்கள். நம் வீட்டு அரிவாள்மனை தீட்டுகிற சாணையை 'காரபண்டம்' என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். குருந்தம் என்று இங்கிருந்து கிளம்பின சொல், லண்டன், அமெரிக்கா எல்லாம் சுற்றி, வாலும் தலையும் ஒட்டிக்கொண்டு, சாணை பிடிப்பவரின் சைக்கிளில் ஏறி வடுகபட்டித் தெருவுக்கே திரும்பி வந்திருக்கிறது. என்ன சம்பந்தம் என்று கேட்டவனுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது திருச்சி. நான் அங்கே பி.எட். படித்தபோது கூடப் படித்த தோழி ஒருத்தியின் வீட்டில் கல் வேலை நடந்தது. 1902-இல் வெர்னுவில் என்ற பிரெஞ்சுக்காரர் நெருப்புச் சுடரில் செயற்கை மாணிக்கம் செய்யும் வழியை வெளியிட்டார். அதற்குப் பிறகு செயற்கைக் கல் உலகமெங்கும் பரவியது. திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் அதைப் பட்டை தீட்டுவது வீட்டுத் தொழிலாகவே ஆனது. தோழியின் அம்மா ஒரு குச்சி நுனியில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டுவார். சாணைக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டை, அதில் மேலும் கீழுமாகக் குழிகள். குச்சியின் மறுமுனையை எந்தக் குழியில் ஊன்றுகிறோமோ அதைப் பொறுத்துப் பட்டையின் சாய்வு மாறும். கோணமானி கிடையாது, அளவுகோல் கிடையாது. விரலில் ஒரு சின்னத் திருப்பு, ஒரு பட்டை. இன்னொரு திருப்பு, இன்னொரு பட்டை. எல்லாப் பட்டையும் நடுவில் ஒரே புள்ளியில் சேர்ந்து நிற்கும். எனக்கும் ஒரு குச்சியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். "அமுக்காத தாயி. சாணைதான் திங்கும், நீ ஊட்டிவிட்டாப் போதும்" என்றார். ஜியோமெட்ரி பாக்ஸ் வைத்துக்கொண்டு வட்டத்தை எட்டாகப் பிரிக்கத் திணறுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் விரல் ஞாபகம் வரும்.

அவருக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கு. இத்தனை கல்லுக்கு இவ்வளவு. கல் வியாபாரி கொண்டுவந்து கொடுப்பது, முடித்த கல்லை எடுத்துப்போவதும் அவர்தான். சீனாவிலிருந்து மெஷினில் தீட்டிய கல் மலிவாக வந்து இறங்கிய பிறகு அந்தக் கூலியும் போய்விட்டது. பல வீடுகளில் சாணையைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள். தோழியின் வீட்டிலும் அதுதான் நடந்தது. அந்த அம்மா கடைசிக் காலத்தில் பூ கட்டிக் கொண்டிருந்தார்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நான் டீச்சரே இல்லை. கல் தூசு. வெங்கச்சங்கல், அகேட், சூதுபவளம் எல்லாமே சிலிக்கா. உலர்ந்த கல்லைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூசு கிளம்பும். நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. அங்கேயே தங்கி, நுரையீரலைத் தழும்பாக இறுக்கிவிடும். சிலிகோசிஸ் என்று பெயர். இறுகின நுரையீரலைத் திரும்ப இளக்க இன்றுவரை மருந்து இல்லை. அழகான மணி செய்கிற காம்பாத்தில் அகேட் தேய்க்கிற தொழிலாளர்கள் எத்தனையோ பேரை அது கொண்டுபோயிருக்கிறது. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அங்கே போய் ஆராய்ந்து எழுதியிருக்கிறது. வீட்டுக்குள்ளேயே வேலை நடப்பதால் தேய்க்காதவர்களும் அந்தத் தூசைத்தான் சுவாசிக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் என்ற ஊரில் சிலேட்டுக் குச்சி செய்த தொழிலாளர்களுக்கும் இதே நோய். ஒன்றாம் வகுப்பில் உங்கள் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தோமே, அந்தக் குச்சியைத்தான் சொல்கிறேன். எழுதினதைவிடக் கடித்துத் தின்றது அதிகம் என்று உங்களை அதட்டியிருக்கிறோம். அதை அறுத்தவரின் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பது அப்போது எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நம் மாவட்டத்தில் ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ் பிராமி எழுத்தோடு, இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்டவை. ஆகோள் பூசலில் இறந்த வீரனுக்கு நட்டது ஒன்று. மாட்டுக்காகச் செத்தவனுக்கு ஒரு கல் நட்டுப் பெயரும் வெட்டியிருக்கிறார்கள், நல்ல காரியம். கொடுமணல் பானை ஓடுகளிலும் கண்ணன் ஆதன் என்பது போலப் பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் யார் மணி தேய்த்தவர், யார் அதை வாங்கி விற்றவர் என்று ஓடு சொல்லவில்லை. இருமி இருமிச் செத்தவருக்கு யாரும் கல் நட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நான் சொல்வது: பழகு. ஆனால் இப்படிப் பழகு.

தண்ணீர் இல்லாமல் ஒரு கல்லைக்கூடத் தொடாதே. அறுக்கும்போதும் தண்ணீர், தேய்க்கும்போதும் தண்ணீர். வில் துளையில் சொட்டுச் சொட்டாக விட்டார்களே, அதேதான். நல்ல மாஸ்க் போட்டுக்கொள். துணியைச் சுற்றிக் கட்டுவது போதாது. கீழே சிந்தின சேற்றைக் காயவிட்டுப் பெருக்காதே, ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடு. படுக்கிற அறையிலும் அடுப்படியிலும் இந்த வேலை கூடாது. அப்பாவிடம் சொல்லி மாட்டுக்கொட்டகையைக் கேள்.

எடுத்தவுடன் பட்டை தீட்டும் மெஷின் வேண்டாம். அது விலையும் அதிகம், கண்ணும் கையும் பழகாமல் அதில் உட்கார்ந்தால் மெஷின்தான் உன்னைத் தீட்டும். முதலில் அடி தட்டையாக, மேல்பக்கம் புளியங்கொட்டை மாதிரி குவிந்து இருக்கிற வடிவத்தைச் செய். சூதுபவளத்துக்கும் நிலாக்கல்லுக்கும் அதுதான் பொருத்தம். உலகத்தில் மனிதன் முதலில் செய்ததும் அந்த மாதிரி வழுவழுப்பான வடிவங்களைத்தான். பட்டை எல்லாம் பிறகு வந்தது.

தூளில் பருவெட்டு, நடுத்தரம், பொடி உண்டு. 80-ஆம் நம்பர் என்றால் பருவெட்டு. 220, 400, 600 என்று நம்பர் ஏற ஏறப் பொடி. பருவெட்டுத் தூள் கல்லுக்கு வடிவம் கொடுக்கும், கூடவே ஆழமான கீறலையும் போடும். அடுத்த தூளின் வேலை அந்தக் கீறலை எடுத்து அதைவிடச் சின்னக் கீறலைப் போடுவது. கடைசியில் கீறல் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும். அப்போது ஒளி சிதறாமல் திரும்பும். அதைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம். கடைசி மெருகுக்குச் சீரியம் ஆக்சைடு என்று ஒரு பொடி விற்கிறார்கள், வெங்கச்சங்கல் குடும்பத்துக்கு நன்றாகக் கேட்கும். ஒரு படியில் கீறல் போகாமல் அடுத்த படிக்குத் தாவினால் கடைசி மெருகில் அது பல்லைக் காட்டும். ஐந்தாம் வகுப்பில் விட்ட வகுத்தல் ஒன்பதாம் வகுப்பில் வந்து நிற்கிற மாதிரி.

முதல் கல்லை விலை கொடுத்து வாங்காதே. வராக நதியில் இறங்கி நாலு வெங்கச்சங்கல் பொறுக்கு. விரிசல் இல்லாததாக, தண்ணீரில் நனைத்து வெயிலில் பிடித்துப் பார்த்து எடு. அது கெட்டுப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தக் கல்லில் ஒரு புளியங்கொட்டை வடிவம் கீறலில்லாமல் வந்துவிட்டால் சூதுபவளம் வாங்க நானே பணம் தருகிறேன். விற்பனைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கைக் கூலிக்குப் போய் உட்காராதே. அந்தப் போட்டியில் மெஷினை ஜெயிக்க முடியாது. உன் கல்லை நீயே தேர்ந்தெடுத்து, நீயே தேய்த்து, நீயே விற்கப் பார். உன் அப்பா பூண்டு விற்கிற சாமர்த்தியம் உனக்கும் கொஞ்சம் இருக்கும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைக் கீழடிக்குக் கூட்டிப்போங்கள். மதுரையிலிருந்து பக்கம்தான். 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். வருசநாட்டு மலையில் பிறந்து நம் பக்கமாக ஓடுகிற வைகைதான் அங்கேயும் போகிறது. எல்லோரும் பானையையும் தங்கத்தையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் சூதுபவள, அகேட் மணிகள் இருக்கிற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மணியின் நிறத்தைப் பார்த்தது போதும், துளையைப் பாருங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் போட்ட துளை நடுவில் சரியாகச் சந்தித்திருக்கிறதா, கொஞ்சம் விலகியிருக்கிறதா என்று கண்ணாடிப் பெட்டிக்கு வெளியிலிருந்தே சில மணிகளில் கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடி போட்டிருக்கிற தாத்தா பாட்டிகள் மறக்காமல் கண்ணாடியை எடுத்துப் போங்கள்.